காகிதத்தின் விலையா, கைகளின் விலையா?



ரமளான் பிறை தென்படுவதற்கு முன்பே நம் ஊர்களில் பெருநாளுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. துணி எடுத்துத் தையலுக்குக் கொடுப்பதும், உறவினருக்கான அன்பளிப்புகளைக் கணக்கிடுவதும், வெளிநாட்டில் இருப்பவர்களின் வருகைக்காகக் காத்திருப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்யும் நம் சகோதரிகள் சிலர், மெல்லிய வண்ணக் காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டிப் பெருநாள் வாழ்த்து அட்டைகள் செய்கிறார்கள். குவில்லிங் என்பது அந்தக் கலையின் பெயர்.

அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, ‘மாஷா அல்லாஹ்’ என்று நாம் மனமாரச் சொல்கிறோம். விலையைக் கேட்டதும் நம்மில் பலருடைய நாவிலிருந்து அடுத்து வருவது, ‘பேப்பர்தானே லாத்தா, இதுக்கா இவ்வளவு?’ என்பதுதான். சாதாரணமாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்று கருதுகிறோம். ஏனெனில், இது ஓர் அட்டையின் விலையோடு முடிந்துவிடுகிற விஷயமன்று. வீட்டுக்குள் இருந்து உழைக்கும் பெண்ணின் நேரத்துக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறோம் என்பதை இந்த ஒரு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஓர் அட்டைக்குள் என்ன இருக்கிறது?

இக்கலையை அறியாதவர்களுக்காக அதன் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அல்லது 5 மில்லிமீட்டர் அகலமுள்ள காகிதப் பட்டைகள்தாம் இதற்கு மூலப்பொருள். நுனியில் பிளவுள்ள ஓர் ஊசியில் பட்டையின் முனையைச் செருகி, இழுவிசை குறையாமல் கடைசிவரை சுருட்ட வேண்டும். பிறகு ஊசியிலிருந்து மெதுவாகக் கழற்றி, வேண்டிய அளவுக்கு விரியவிட்டு, வால் முனையில் ஒரு துளிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். இவ்வாறு கிடைக்கும் வட்டச் சுருளின் ஒரு பக்கத்தை விரல்களால் கிள்ளினால் நீர்த்துளி வடிவம் வரும். இரு பக்கமும் கிள்ளினால் கண் வடிவம் வரும். துளிகள் சேர்ந்தால் பூ. கண்கள் சேர்ந்தால் இலைக்கொத்து. பட்டையைச் சுருட்டாமல் விளிம்பில் நிற்கவைத்து வளைத்து ஒட்டினால் பிறையும், மினாராவும், அரபு எழுத்துகளும் உருவாகின்றன.

சொல்வதற்கு எளிது. ஆனால், ஒரு பூவின் ஆறு இதழ்களும் ஒரே அளவில் அமையவேண்டும். ஒரு சுருள் சற்றுக் கூடுதலாக விரிந்துவிட்டால் பூ கோணலாகிவிடும். பசை சற்று மிகுந்தால் அட்டையில் கறை தெரியும். குறைந்தால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சுருள் அவிழ்ந்துகொள்ளும். இவையெல்லாம் கைப்பழக்கத்தால் மட்டுமே வசப்படுபவை.

இந்த இடத்தில் தாவூத் (அலை) அவர்களின் நினைவு நமக்கு வருகிறது. தம் கைகளால் உழைத்து உண்டவர் என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பித்துச் சொல்லப்பட்டவர் அவர். இரும்பு அவருக்கு மென்மையாக்கிக் கொடுக்கப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவாக அமைக்கும்படி அவருக்குக் கட்டளையிடப்பட்டதையும் திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். ஒரு நபியின் கைவேலையில் வளையங்களின் அளவுகூட அல்லாஹ்வின் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. இரும்பு வளையம் எங்கே, காகிதச் சுருள் எங்கே என்று கேட்கலாம். செய்கிற வேலையை அளவறிந்து, செம்மையாகச் செய்ய வேண்டும் என்கிற பாடம் இரண்டுக்கும் பொதுவானதே.

‘இது நம்முடைய பழக்கமா?’

வாழ்த்து அட்டை என்றாலே சில சகோதரர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களுடைய தயக்கத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. காகிதச் சுருள் கலையின் வரலாற்றைப் பார்த்தால், அது ஐரோப்பாவின் கிறித்தவ மடங்களோடு தொடர்புடையது என்பது உண்மைதான். புனிதப் பொருள்களை வைக்கும் பேழைகளைப் பொன்னிழை வேலைப்பாட்டால் அலங்கரிக்க வசதியில்லாத இடங்களில், தங்கமுலாம் பூசிய காகித ஓரங்களைச் சுருட்டி ஒட்டி அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். பறவையிறகின் தண்டில் காகிதத்தைச் சுற்றியதால், இறகுத் தண்டைக் குறிக்கும் ‘குவில்’ என்ற சொல்லிலிருந்து இக்கலைக்குப் பெயர் வந்தது. அச்சிட்ட வாழ்த்து அட்டையும் அவ்வாறே. கிறிஸ்துமஸுக்கென்று வணிக முறையில் அச்சிடப்பட்ட முதல் அட்டை 1843இல் லண்டனில் வெளிவந்தது.

ஆயினும், காகிதம் எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதன்று. சீனத்தில் பிறந்த காகிதம் சமர்கந்து வழியாகப் பாக்தாதுக்கு வந்தது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே காகித ஆலை இயங்கியது. நூல் படியெடுப்போருக்கும் காகிதம் விற்போருக்கும் தனிக் கடைத்தெருவே இருந்தது. முஸ்லிம் நாடுகளின் வழியாகத்தான் ஐரோப்பா காகிதம் செய்யக் கற்றுக்கொண்டது. உஸ்மானியர் காலத்தில், காகிதத்தை நுணுக்கமாக வெட்டி எழுத்துகளும் பூந்தோட்டங்களும் அமைக்கும் ‘கத்ஈ’ என்னும் கலை செழித்தது. நீரின்மேல் வண்ணம் மிதக்கவிட்டுக் காகிதத்தில் பதித்தெடுக்கும் துருக்கியரின் ‘எப்ரு’ கலையை 2014இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. நம் நாட்டிலும் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேரில் காகஸி என்றழைக்கப்படும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் காகிதம் செய்துவருகின்றன. அவர்களுடைய பெயரே காகிதத்திலிருந்து வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பம்பாய், லாகூர், டெல்லி நகரங்களில் பெருநாள் வாழ்த்து அட்டைகள் அச்சாகி விற்றன.

எனவே, தடை எதுவும் இல்லாத ஒரு கைத்திறனை அது எங்கே பிறந்தது என்பதற்காக ஒதுக்கவேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். பெருநாளன்று ஒருவரையொருவர் சந்திக்கையில், ‘நம்மிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக’ என்று நபித்தோழர்கள் பிரார்த்தித்துக்கொண்டதாக அறிவிக்கப்பட்டுள்ளது. அந்தப் பிரார்த்தனை நாவால் சொல்லப்பட்டாலும், கடிதத்தில் எழுதப்பட்டாலும், அட்டையில் அனுப்பப்பட்டாலும் பிரார்த்தனையே. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்து, பூவும் கொடியும் நட்சத்திரக் கோலமுமாக அழகைத் தேடிய நம் கலை மரபுக்கு இந்தச் சுருள்கள் இயல்பாகவே பொருந்திப்போகின்றன என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது விலைக்கு வருவோம். நடுத்தர வேலைப்பாடுள்ள ஓர் அட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆறு இதழ்கள் கொண்ட ஐந்து பூக்களுக்கு 30 சுருள்கள், பூக்களின் நடுவே வைக்க 5, இலைகளுக்கு 12, பிறையின் உள்ளே நிரப்ப 13. ஆக மொத்தம் 60 சுருள்கள். பழகிய கைக்கும் ஒரு சுருளைச் சுருட்டி, அளவு பார்த்து, ஒட்டி, வடிவம் கொடுக்க ஒன்றரை நிமிடம் ஆகும் என்று வைத்தால் 90 நிமிடங்கள். அட்டையை வெட்டி மடித்து, சுருள்களை அடுக்கி ஒட்டி, வாழ்த்தை எழுதி முடிக்க இன்னும் அரைமணி நேரம். ஓர் அட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது.

காகிதம், கெட்டி அட்டை, பசை, உறை எல்லாம் சேர்த்து 30 ரூபாய் என்று கொள்வோம். அட்டையை 80 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 50 ரூபாய். அதாவது, மணிக்கு 25 ரூபாய். எட்டு மணி நேரம் இடைவிடாமல் குனிந்து உட்கார்ந்து நான்கு அட்டைகள் முடித்தால் நாளுக்கு 200 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்திற்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியே 319 ரூபாய். அதே கூலியை இங்கே பொருத்தினால் இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 80 ரூபாய். பொருட்செலவையும் கூட்டினால் 110 ரூபாய். இதில் அந்தச் சகோதரியின் கைத்திறனுக்கும், கற்பனைக்கும், கெட்டுப்போன சுருள்களுக்கும், விற்காமல் தங்கிவிடும் அட்டைகளுக்கும் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. அவற்றையும் சேர்த்து அவர் 150 ரூபாய் கேட்டால் அது பேராசையாகுமா? நாம் எண்பதுக்கும் கீழே இறங்கி, ‘ஐம்பதுக்குத் தாங்க, பத்து வாங்கிக்கிறேன்’ என்று பேரம் பேசுகிறோம். பொருட்செலவு போக 20 ரூபாய்க்கு இரண்டு மணி நேர உழைப்பைக் கேட்கிறோம் என்பது அப்போது நம் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டில் இருந்து உழைப்பது நம் பெண்களுக்குப் புதிதன்று. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களையும், பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் குடும்பங்களையும் அறியாதவர் யார்? புகையிலைத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு செய்யும் பீடி வேலையின் கேடுகள் நாம் அறிந்தவையே. அந்தத் தொழிலை நாம் புகழவில்லை. எனினும், அங்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அத்தொழிலாளருக்கென்று 1966இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வாழ்த்து அட்டைக்குச் சுருள் சுற்றும் கைகளுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறார், பொழுதுபோக்காகச் செய்கிறார்’ என்று நாமாகவே முடிவுசெய்துவிடுகிறோம்.

பொழுதுபோக்கு என்ற இந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இக்கலை செல்வக் குடும்பத்துப் பெண்களின் ஓய்வுநேர வேலையாக இருந்தது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் ஒரு காட்சி வருகிறது. வசதியான வீட்டில் விருந்தினராகத் தங்கியிருக்கும் வசதி குறைந்த ஓர் இளம்பெண், அந்த வீட்டுச் சீமாட்டியின் குழந்தைக்காகக் காகிதச் சுருள் கூடை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். அன்றிரவே அதை முடித்தாக வேண்டும் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படாத எதிர்பார்ப்பு. அவளுக்குக் கூலி கிடையாது. வீட்டாரின் தயவுதான் கிடைக்கும். இருநூறு ஆண்டுகள் கடந்தும், சொந்தக்காரப் பெண்ணிடம் ‘உன் கைதான் அழகாக வேலை செய்யுமே, கல்யாணத்துக்கு நூறு அட்டை செய்து கொடேன்’ என்று கேட்டுவிட்டு, ஒரு பெட்டி இனிப்போடு கணக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நூறு அட்டை என்றால் இருநூறு மணி நேரம். அந்தப் பெண் உறவு கருதி மறுக்கமாட்டாள். மனத்துக்குள் என்ன நினைத்தாள் என்பதை அல்லாஹ் அறிவான்.

மார்க்கம் நம்மிடம் கேட்பது

ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் சொன்ன அறிவுரையைத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்யாதீர்கள் என்பதோடு அது நிற்கவில்லை. மக்களுக்கு உரிய பொருள்களின் மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்தே கூறப்படுகிறது. விற்பவர் எடையில் குறைப்பது எப்படிக் குற்றமோ, அப்படியே ஒருவருடைய பொருளின் தகுதி தெரிந்திருந்தும் அதை மட்டம்தட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் நாம் அஞ்சவேண்டிய ஒன்றாகும். பேரம் பேசுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. வணிகத்தில் அது அனுமதிக்கப்பட்டதே. தேவையின் காரணமாக மறுத்துப் பேச இயலாத ஒருவரிடம் நம் பேச்சு வன்மையைக் காட்டுவதைத்தான் கூடாது என்கிறோம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையை ஹதீஸில் படித்திருக்கிறோம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரையை மேடைதோறும் சொல்கிறோம். அட்டையை வாங்கிக்கொண்டு, ‘பெருநாள் கழித்துத் தருகிறேன்’ என்று இழுத்தடிக்கும்போது அது நம் காதில் ஒலிக்கவேண்டாமா?

கைவேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. உங்களில் எவருடைய கை மிக நீளமானதோ அவரே என்னை முதலில் வந்தடைவார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம் கூறினார்கள். அவர்கள் கைகளை அளந்துகூடப் பார்த்தார்கள். நபியவர்களுக்குப் பின் அவர்களில் முதலில் இறப்பெய்தியவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். தம் கைகளால் உழைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்துவந்தவர் அவர். ‘நீளமான கை’ என்பதன் பொருள் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. முஃமின்களின் அன்னையருள் ஒருவர் கைவேலை செய்து பொருளீட்டியிருக்கிறார் என்றால், அட்டை செய்து விற்பதில் நம் சகோதரிகள் கூசவேண்டியது எதுவும் இல்லை. உரிய விலையைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். எத்தனை சுருள்கள், எத்தனை மணி நேரம் என்பதை ஒரு சிறு சீட்டில் எழுதி அட்டையோடு வையுங்கள். வாங்குபவருக்குக் கணக்கு தெரியாததால்தான் பாதிப் பேரம் நடக்கிறது.

செய்பவர்களுக்கும் சில பொறுப்புகள் உண்டு. ஒப்புக்கொண்ட நாளில் கொடுத்துவிட வேண்டும். பிறையைப் பார்த்த பிறகு வந்து சேரும் அட்டைகளால் யாருக்குப் பயன்? இன்னொரு சகோதரி உழைத்து உருவாக்கிய வடிவத்தை அப்படியே நகலெடுத்து விற்காதீர்கள். அல்லாஹ்வின் திருநாமத்தையோ இறைவசனத்தையோ அட்டையில் அமைக்குமுன் ஒருமுறை யோசியுங்கள். இன்று மேசைமேல் இருக்கும் அட்டை நாளை குப்பைக்கூடைக்குப் போகக்கூடியது. ‘ஈத் முபாரக்’ என்ற வாழ்த்தும் ஒரு பிறையுமே அழகுக்குப் போதும். திருநாமம் தாங்கிய வேலைப்பாட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பொருளாகச் செய்வது பாதுகாப்பானது. அஞ்சலில் அனுப்பும் அட்டையைச் சாதாரண உறையில் இடாமல் கெட்டியான சிறு பெட்டியில் வையுங்கள். நசுங்கிப்போன பூ யாரையும் மகிழ்விக்காது.

பத்துப் பேருக்குப் போதும்

இறுதியாக, எல்லாருக்குமான ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வாழ்த்து சொல்லப்பட்டால் அதைவிடச் சிறந்ததைக் கொண்டோ, அல்லது அதற்கு இணையானதைக் கொண்டோ பதிலளிக்க வேண்டும் என்ற கருத்தை 4ஆம் அத்தியாயத்தின் 86ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. பெருநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரே படத்தை இருநூறு பேருக்கு அனுப்பி, இருநூறு படங்களைப் பெற்று, எதையும் திறந்து பார்க்காமல் அழிக்கும் நம் வழக்கத்தில் அந்தச் ‘சிறந்தது’ எங்கே இருக்கிறது? தொலைவில் இருப்போருக்குச் செய்தி அனுப்புவதைக் குறை சொல்லவில்லை. அதனோடு பத்தே பத்துப் பேருக்குக் கையால் செய்த அட்டை கொடுக்கலாம் என்கிறோம். நாள்தோறும் பாங்கு சொல்லி நம்மை எழுப்பும் முஅத்தினுக்கு, பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கு, பிற சமயத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டாருக்கு, பள்ளி ஆசிரியைக்கு, கணவரை இழந்து முதல் பெருநாளைச் சந்திக்கும் சகோதரிக்கு. இவர்களில் எத்தனை பேருக்கு இதுவரை ஓர் அட்டை வந்திருக்கும்?

பிள்ளைகளை வைத்து நீங்களே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. காகிதப் பட்டைகளைக் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. வண்ணக் காகிதத்தை அளவுகோல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். ஊசி இல்லாவிட்டால் பல்குத்தும் குச்சியில் சுற்றலாம். தராவீஹுக்கு முந்தைய அரைமணி நேரத்தில் ஒரு பிள்ளையை ஒரே ஒரு பூவைச் செய்யவிடுங்கள். ஆறு இதழ்களை ஒரே அளவில் கொண்டுவர அது படும் பாட்டைப் பாருங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்த பின், கையால் செய்த எந்தப் பொருளைப் பார்த்தும் ‘இதுக்கா இவ்வளவு?’ என்று கேட்காது. செய்ய முடியாதவர்கள் நம் சகோதரிகளிடம் வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுத்து, அன்றைக்கே கொடுத்து வாங்குங்கள். பெருநாள் துணிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுகிற நமக்கு, அட்டையில் மிச்சம் பிடிக்கும் முப்பது ரூபாய் எந்த மூலைக்கு? அவருக்கோ அது ஒரு மணி நேரத்துக்கும் மேலான உழைப்பின் கூலி.

உழைப்பவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுப்பவர்களாகவும், கைகள் நீண்டவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.